குடும்பக் காரில் சப்வூஃபர்

சிறிய குடும்பக் கார்களில் கம்பெனி பொருத்தித் தரும் ஸ்டீரியோ, பாட்டின் மேல்பாதியை நன்றாகவே தரும். குரல் தெளிவாக இருக்கும், வயலின் கேட்கும், தபேலாவின் விரல் வேலை கேட்கும். பேஸ் கிட்டாரும் தவிலின் தொப்பியும் மட்டும் அமுங்கிப் போயிருக்கும். சத்தத்தைக் கூட்டினாலும் அடியொலி வராது. குரல் காதைக் குத்தும், கதவின் உட்பலகை அதிரும். தனியாக ஓர் ஆம்ப்ளிஃபயரும் சப்வூஃபரும் வைக்கலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

குறை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எதை வாங்குவது என்று முடிவு செய்ய முடியும். காரில் கிடைப்பது 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்ட் அருகே கொண்டுபோகும். டாஷ்போர்டில் இருக்கும் செட் இந்த வோல்ட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்பீக்கரை இயக்குகிறது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து சுத்தமாகக் கிடைப்பது சேனலுக்கு ஏறத்தாழ 20 வாட்தான். முகப்பில் அச்சிட்டிருக்கும் 50 வாட் என்பது கண நேர உச்சத்தின் கணக்கு. தனி ஆம்ப்ளிஃபயருக்குள் வோல்ட்டை உயர்த்தும் மின்சுற்று ஒன்று உண்டு. நூற்றுக்கணக்கான வாட் அதனால்தான் சாத்தியமாகிறது.

ஸ்பீக்கரின் அளவும் ஒரு தடை. பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, அதே அழுத்தத்தில் ஒலி எழ வேண்டுமானால் ஸ்பீக்கர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். கதவில் இருக்கும் ஆறு அங்குலக் காகிதக் கூம்புக்கு அவ்வளவு இடப்பெயர்ச்சி கிடையாது. போதாக்குறைக்கு மனிதக் காது அடியொலியில் மந்தமானது. பெல் ஆய்வுக்கூடத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட அளவீடுகள் இதைத்தான் காட்டின. நடுத்தர அதிர்வெண் ஒலி மெல்ல ஒலித்தாலே காதில் விழும். 40 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழ அதைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். குறைந்த சத்தத்தில் பாட்டு சப்பென்று இருப்பதும் இதனால்தான்.

ஆனால் காருக்கென்று ஒரு வரம் இருக்கிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். காரின் உள்ளறையோ இரண்டு மூன்று மீட்டரைத் தாண்டாது. அலை முழுதாக விரிய இடமில்லாததால், அடியொலி உள்ளறைக் காற்று மொத்தத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தி விடுவிக்கிறது. அதிர்வெண் கீழே போகப் போக இந்த அழுத்தம் கூடுகிறது. வீட்டு ஹாலில் ஒரு பெரிய பெட்டி சிரமப்பட்டுத் தரும் அடியொலியைக் காரில் எட்டு அல்லது பத்து அங்குல சப்வூஃபர் எளிதாகத் தந்துவிடும். குடும்பக் காருக்குச் சிறியதே போதும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. 12 அங்குலம் இரண்டு வைத்து நம்பர் பிளேட் அதிர ஓட்டுவது வேறு ஆசை. பாட்டு கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

டிக்கியின் கணக்கும் அதையே சொல்கிறது. 2018இல் வந்த ஸ்விஃப்டின் டிக்கி 268 லிட்டர். காற்றுத்துளை வைத்த 12 அங்குலப் பெட்டி அதில் கால் பங்கு இடத்தையாவது பிடித்துக்கொள்ளும். ஊருக்குப் போகும் நாளில் இரண்டு சூட்கேஸும், திரும்பி வரும்போது அரிசிச் சிப்பமும் தேங்காய் மூட்டையும் எங்கே போகும் என்பதை வீட்டில் உள்ளவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் பெட்டி வாங்க வேண்டும். மூடிய பத்து அங்குலப் பெட்டிக்கு உள்ளே 20 லிட்டர் சுமார் போதும். ஓரமாக ஒதுங்கும், தேவைப்பட்டால் பிளக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டும் போகலாம். சிஎன்ஜி காரில் டிக்கியை சிலிண்டர் பிடித்துக்கொள்வதால், முன்சீட்டுக்கு அடியில் நுழையும் தட்டையான சப்வூஃபர்தான் வழி. ஆம்ப்ளிஃபயரும் அதற்குள்ளேயே இருக்கும். மிகத் தாழ்ந்த ஒலிகளை அது விட்டுவிடும் என்றாலும் சினிமாப் பாட்டுக்குத் தாராளம்.

பெட்டி என்பது ஸ்பீக்கரைத் தாங்கும் கூடு மட்டுமல்ல. ஒலியில் பாதி அதுதான். கூம்பு முன்னே தள்ளும் காற்றும் பின்னே இழுக்கும் காற்றும் நேரெதிரானவை. பெட்டி இல்லாவிட்டால் இரண்டும் கலந்து அடியொலி அழிந்துவிடும். மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர் 1954இல் செய்து காட்டினார். காற்றுத்துளை உள்ள பெட்டிகளைக் கணக்குப் போட்டு வடிவமைக்கும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் வெளியிட்டார். ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் அதை விரிவாக்கினார். இன்று எந்த நல்ல சப்வூஃபரின் தாளிலும் அவர்கள் வகுத்த எண்கள் இருக்கும், எத்தனை லிட்டர் பெட்டி வேண்டும் என்பதும் இருக்கும். துளையுள்ள பெட்டி ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிகச் சத்தம் தரும். மூடிய பெட்டி அடி விழுந்த கணத்தில் எழுந்து உடனே அடங்கும். மிருதங்கமும் தவிலும் கேட்கிற வீட்டுக்கு மூடிய பெட்டியே பொருத்தம். எம்டிஎஃப் பலகை 18 மில்லிமீட்டர் கனமாவது இருக்க வேண்டும். கடையில் தயாராகக் கிடைக்கும் பெட்டியை முட்டியால் தட்டிப் பார்த்தால் தெரியும்: நல்ல பெட்டி கட்டையாக ஒலிக்கும், மட்டமானது மணியடிப்பதுபோல் இழுக்கும்.

ஆம்ப்ளிஃபயர் வாங்கும்போது அட்டைப்பெட்டியின் மேலிருக்கும் எண்ணை நம்பக் கூடாது. பார்க்க வேண்டியது தொடர்ந்து தரக்கூடிய ஆர்எம்எஸ் வாட். அமெரிக்க மின்னணுத் தொழிலின் சிஇஏ-2006 என்ற அளவுமுறையில் கொடுத்திருந்தால் இன்னும் நல்லது, 14.4 வோல்ட்டில், சிதைவு ஒரு சதவீதத்தைத் தாண்டாமல் அளந்த வாட் அது. எதுவும் எழுதாத ஆம்ப்ளிஃபயரில் அதன் உடம்பிலேயே செருகியிருக்கும் ஃபியூஸைப் பார்த்தால் உண்மை ஓரளவு தெரிந்துவிடும். 30 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 13.8 வோல்ட்டில் உள்ளே தொடர்ந்து போகக்கூடியது 414 வாட். கிளாஸ் டி வகை அதில் ஐந்தில் நான்கு பங்கை வெளியே தரும் என்று வைத்தால் 330 வாட் சுமார். மேலே 1500 என்று எழுதியிருந்தாலும் இவ்வளவுதான். குடும்பக் காருக்கு 200 முதல் 300 வாட் ஆர்எம்எஸ் நிறைவாக இருக்கும்.

பணத்தையும் கவனத்தையும் கொட்ட வேண்டிய இடம் வயரிங். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற இடங்களில் ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். கூட நின்று பார்க்க வேண்டியது இந்த ஒரு வேலையைத்தான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்கி வைக்க வேண்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து கிளம்பும் பவர் வயரில், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் மெயின் ஃபியூஸ் வர வேண்டும். இந்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாற்ற வைப்பதல்ல, வயரைக் காப்பாற்ற வைப்பது. வழியில் எங்காவது வயரின் தோல் உரிந்து பாடியில் பட்டால் பேட்டரி பல நூறு ஆம்பியரைத் தள்ளும். ஃபியூஸ் இல்லையென்றால் வயர் பழுத்துச் சிவந்து, மேட்டும் சீட் நுரையும் பற்றிக்கொள்ளும். ஃபியூஸை டிக்கிப் பக்கம் வைத்தால், அதற்கு முன்னால் இருக்கும் ஐந்து மீட்டர் வயருக்குப் பாதுகாப்பே இல்லை.

எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வர, தகடு இருக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட் வழியாகத்தான் வயர் நுழைய வேண்டும். வெறும் தகட்டில் துளை போட்டு இழுத்தால், ஓட்டத்தின் அதிர்வில் அந்த விளிம்பு கத்தியாக வேலை செய்து சில மாதங்களில் தோலை அறுத்துவிடும். உள்ளே வந்தபின் கதவுப்படியின் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு பக்கமாகப் பவர் வயரும், எதிர்ப்பக்கமாகச் செட்டிலிருந்து ஒலி சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரும் போக வேண்டும். சீட்டுக்கு அடியிலும் தூண்களின் மூடிக்குள்ளும் மஞ்சள் நிறப் பிளக்குகள் தென்பட்டால் அவற்றை விட்டு விலகுவது கட்டாயம். அவை ஏர்பேக் இணைப்புகள்.

வயரின் தரத்திலும் ஏமாற்று உண்டு. அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய வயர் கிட்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒரு இழையை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். 8 கேஜ் சுத்தத் தாமிர வயர், அதாவது 8 சதுர மில்லிமீட்டர் சுமார், ஐந்து மீட்டர் நீளத்தில் 30 ஆம்பியர் ஓடும்போது 0.3 வோல்ட்டை விழுங்கும். பூச்சு வயர் அரை வோல்ட் அளவுக்கு விழுங்கும். மலிவு வயரில் கேஜ் அளவே குறைத்து எழுதியிருந்தால் இழப்பு இன்னும் கூடும். விழுங்கிய வோல்ட் வெப்பமாகத்தான் வெளியே வரும்.

எர்த் கொடுப்பதில் அவசரப்பட்டால் பிறகு நிம்மதி இருக்காது. ஆம்ப்ளிஃபயருக்கு அருகில், பாடியோடு வெல்டிங்கில் இணைந்த கனமான தகட்டில், பெயின்டை உலோகம் பளிச்சிடும் வரை சுரண்டி, தாமிர லக்கைப் போல்ட் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவி மூட வேண்டும். பெயின்டின் மேலேயே முறுக்கினால் இணைப்பு இருப்பதுபோல் தெரியும், ஆனால் எஞ்சின் வேகம் ஏறுவதற்கேற்ப ஸ்பீக்கரில் ஒரு கீச்சொலி ஏறி இறங்கும். சீட் பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை எர்த்துக்காகத் தொடக் கூடாது. அது உயிரைப் பிடித்திருக்கும் போல்ட்.

ஆம்ப்ளிஃபயரை எழுப்பி உறங்க வைக்கும் ரிமோட் வயர் மெல்லியது, அலட்சியத்துக்கு ஆளாவதும் அதுதான். அதைச் சாவியோடு அணையும் இணைப்பில் தராமல் நேரடி 12 வோல்ட்டில் கொடுத்துவிட்டால், பாட்டே ஓடாதபோதும் ஆம்ப்ளிஃபயர் விழித்திருந்து ஓர் ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு முழு நாளில் 24 ஆம்பியர் மணி. சிறிய காரின் பேட்டரியே 35 ஆம்பியர் மணிதான். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் கார் ஸ்டார்ட் ஆகாது.

புதிய கார்களின் தொடுதிரைச் செட்டில் ஆர்சிஏ வெளியீடு இல்லாமல் இருப்பது வழக்கம். அப்போது பின் ஸ்பீக்கர் வயரிலிருந்து ஒலியை எடுத்து, ஆம்ப்ளிஃபயரின் ஹை லெவல் உள்ளீட்டில் கொடுக்கலாம். கம்பெனி வயரை வெட்டி ஒட்டாமல், அந்தக் காருக்கென்றே வரும் கப்ளரைச் செருகி எடுத்தால் வாரண்டித் தகராறுக்கு இடமிருக்காது. பொருத்திய சாதனங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியில் சேர்ப்பதும் வேண்டும். சேர்க்காவிட்டால் திருடு போனாலும் எரிந்தாலும் அவற்றுக்கு இழப்பீடு எதிர்பார்க்க முடியாது.

கெயின் திருகைப் பலரும் வால்யூம் என்று நினைக்கிறார்கள். செட்டிலிருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதுதான் அதன் வேலை. சப்வூஃபரைக் கழற்றிவிட்டு, பேஸ், ட்ரெபிள் எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்து, செட்டின் வால்யூமை முக்கால் பங்கு ஏற்றி, முழு அளவில் பதிவான 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்ட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 300 வாட்டும் 4 ஓமும் என்றால் 34.6 வோல்ட் வரும் வரை கெயினைத் திருப்பலாம். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்த எண் அது. அதற்கு மேல் போனால் அலையின் தலை வெட்டுப்பட்டு, ஒலி கரகரக்கும். சப்வூஃபரின் காயில் சூடேறிக் கருகும். தாழ்ந்த ஒலியை மட்டும் சப்வூஃபருக்கு விடும் லோ பாஸை 80 ஹெர்ட்ஸில் நிறுத்தலாம். செட்டில் ஹை பாஸ் இருந்தால் கதவு ஸ்பீக்கர்களையும் அதே 80இல் வெட்ட வேண்டும். அடியொலியைச் சுமக்கும் வேலை போனதும் அந்தச் சிறு ஸ்பீக்கர்களில் குரல் எவ்வளவு தெளிந்துவிடுகிறது என்பது சப்வூஃபர் தரும் பலன்களிலேயே பெரியது. கடைசியாக ஃபேஸ் பொத்தானை 0, 180 என்று மாற்றிப் போட்டு, ஓட்டுநர் சீட்டில் எதில் அடியொலி நிறைவாக இருக்கிறதோ அதில் விட வேண்டும். சரியாக அமைந்தால் ஒலி பின்னாலிருந்து வருவதாகவே தோன்றாது. டாஷ்போர்டுக்கு மேலே பாட்டு முழுதாக நிற்கும்.

பழைய படப் பாடல்களின் பதிவில் மிகத் தாழ்ந்த ஒலி அதிகம் இருக்காது. இன்றைய பாடல்களில் நிரம்பி வழியும். இதற்காகக் கெயினைத் தொடாமல், ஸ்டீரிங் அருகே வைக்கும் பேஸ் குமிழைக் கூட்டிக் குறைத்துக்கொள்வது நல்லது. டிக்கிக் கதவும் நம்பர் பிளேட்டும் கடகடத்தால் டாம்பிங் ஷீட் ஒட்டலாம். பியூட்டைல் ரப்பர் ஷீட்டே வேண்டும். தார் கலந்தது சித்திரை வெயிலில் இளகி வழிந்து, காருக்குள் ரோடு போடும் வாசனை வந்துவிடும்.

பின்சீட்டில் உட்காரும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் பெட்டி முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் பாதுகாப்பான கேட்புக்குச் சொல்லும் வரம்பு, வாரம் 40 மணி நேரத்துக்கு 80 டெசிபல். அடியொலி காதைக் குத்துவதில்லை என்பதால் முன்னால் இருப்பவருக்கு அளவு மீறியது தெரியாமலே போகலாம். முன்சீட்டிலிருந்து குரல் உயர்த்தாமல் பின்சீட்டில் பேச முடிகிறதா, பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரன் கேட்கிறதா என்பதுதான் ஓடும் காரில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல்.

பெட்டியை டிக்கியில் சும்மா வைக்கவும் கூடாது. திடீர் பிரேக்கில் 15 கிலோ பெட்டி பின்சீட்டை நோக்கிப் பாயும். தரையோடு பட்டை போட்டுக் கட்ட வேண்டும். மாட்டிய சில வாரங்களில் ஒருமுறை, நீண்ட ஓட்டம் முடிந்ததும் பானெட்டைத் திறந்து ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பார்க்கலாம். எஞ்சினின் வெப்பத்தைவிடத் தனியாகச் சுட்டால் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். வயரின் தாமிர இழைகள் முறுக்கிய பின் மெல்ல நெகிழ்ந்து இடம் கொடுக்கும் என்பதால், ஃபியூஸ் ஹோல்டர், எர்த் போல்ட், ஆம்ப்ளிஃபயர் முனைகள் மூன்றையும் அப்போது மறுபடி முறுக்கிவிட வேண்டும்.