கோட்டுக்கு வெளியே!

கம்ப்யூட்டர் முன்னால் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரின் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கியிருக்கிறீர்களா? நான் பிடுங்கியிருக்கிறேன். தினம் நாலு தடவை!

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன ஃபேக்டரி. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் அடியேன் சூரன். 'டேலி'யில் வவுச்சர் போட ஆரம்பித்தால் விரல் தெரியாது, வேகம்தான் தெரியும். ஒரு ரூபாய் உதைத்தாலும் அரை மணி நேரத்தில் ஆளைப் பிடித்துவிடுவேன். "இவனை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்யா" என்று முதலாளி ஆசைப்பட்டார். 2017-ல் என்னை இன்சார்ஜ் ஆக்கி, எனக்குக் கீழே நாலு பேரையும் கொடுத்தார்.

வந்தது வினை!

அந்த நாலு பேர் செய்யும் வேலையையும் நானே செய்தேன். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருத்தன் பொறுமையாக என்ட்ரி போடுவான். எனக்குப் பொறுக்காது. "தள்ளுப்பா, நான் போடறேன்!" அவன் எழுந்து பின்னால் கைகட்டி நிற்பான். அவன் நாற்காலியில் நான், என் நாற்காலி காலி. ராத்திரி ஒன்பது மணிக்கு தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது, 'நாட்டில் உழைப்பவன் நான் ஒருத்தன்தான்' என்று பெருமை வேறு.

2018 மார்ச் நடுவில் தம்பி ஒரு கவரை நீட்டினான். ராஜினாமா. "ஏம்ப்பா?" என்றேன். "இங்க எனக்கு வேலையே இல்லீங்களே சார்" என்றான். கிண்டல் செய்கிறானா, நிஜமாகச் சொல்கிறானா என்று புரியவில்லை. கணக்கு முடிக்கிற மாசம், அதுவும் ஜி.எஸ்.டி. வந்து முதல் வருஷம். "ரெண்டு நாள் பொறு" என்று கவரை டிராயரில் போட்டுப் பூட்டினேன்.

அந்தச் சனிக்கிழமைதான், மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். ஃபைனல். சென்னையின் எஃப்.சி.யும் பெங்களூரு எஃப்.சி.யும் மோதல். "மாப்ளே, கிளம்பு!" என்று வந்து நின்றார் மாமா. அம்மாவுக்குத் தம்பி. வேலை நிமித்தம் சென்னையில் பல வருஷம் இருந்தவர். நேரு ஸ்டேடியத்தில் இந்தியன் பாங்க் டீம் ஆடினால் டிபன் பாக்ஸோடு போய் உட்கார்ந்துவிடுவாராம். அந்தக் காலத்தில் கால்பந்து வீரர் என்றால் பாங்க், ரயில்வே, ஐ.சி.எஃப். என்று எதிலாவது உத்தியோகம் கொடுத்து டீமில் சேர்த்துக்கொள்வார்கள்.

கண்டீரவா முழுக்க நீலச் சட்டை. நாங்கள் இருவரும் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தோம். எல்லோரும் பந்தைப் பார்க்க, மாமா மட்டும் மைதான ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க பாரு, நம்ம பாஷா!"

"ஆட்டோக்காரரா மாமா?"

முறைத்தார். "சையத் சபீர் பாஷாடா! இந்தியன் பாங்க்குக்கும் தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஆடின ஸ்ட்ரைக்கர். பெனால்டி ஏரியாவுல பந்து கிடைச்சா விடவே மாட்டார்!"

அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு அசிஸ்டென்ட் கோச். தலைமைக் கோச் ஜான் கிரிகரி, இங்கிலாந்துக்காரர். எதிர் டீமுக்கு ஆல்பர்ட் ரோகா, ஸ்பெயின்காரர், பார்சிலோனா கிளப்பில் பயிற்சியாளர் குழுவில் இருந்தவர். கோச்சுகள் நிற்பதற்கென்று மைதான ஓரத்தில் கோடு போட்டு ஒரு கட்டம் இருக்கிறது. கத்தலாம், குதிக்கலாம், தலையில் அடித்துக்கொள்ளலாம். கோட்டைத் தாண்டி உள்ளே போகக் கூடாது.

ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி தலையால் முட்டி கோல் போட்டார். ஸ்டேடியம் இடிந்துவிடும்போல சத்தம். லீகில் முதலிடம் பிடித்த டீம், அதுவும் சொந்த ஊரில். 'அவ்வளவுதான், எழுந்து போய் மசால் தோசை சாப்பிடலாம்' என்று நினைத்தேன்.

ஆனால் 17-வது நிமிடத்தில் ஒரு கார்னர், மைல்சன் ஆல்வெஸ் தலையால் அடித்தார், கோல்! இடைவேளைக்குச் சற்று முன் இன்னொரு கார்னர், மறுபடி மைல்சன், மறுபடி கோல்! 67-வது நிமிடத்தில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது. கடைசி நேரத்தில் பெங்களூருவின் மிக்கு ஒன்று திருப்பியும் பயனில்லை. மூன்றுக்கு இரண்டு. கோப்பை சென்னைக்கு!

விஷயம் என்னவென்றால், இரண்டு கோல் போட்ட மைல்சன் ஸ்ட்ரைக்கரே இல்லை. டிஃபெண்டர்! கோல் போடுவதே தொழிலாக இருந்த பாஷா ஓரத்தில் நிற்க, கோலைத் தடுப்பதே தொழிலாக இருந்தவர் கோல் போட்டார்.

நள்ளிரவில் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினோம். எங்கள் ஊருக்கு பஸ் இல்லை. யானை நடமாடும் ரோட்டில் ராத்திரி ஆட்டோவும் வராது. டீக்கடை பெஞ்சில் குளிருக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு மாமா சொன்னார்:

"கோல் போடறவனுக்குப் பந்து வந்தா கால் தானாப் போயிடும் மாப்ளே. அந்தக் காலை வருஷக்கணக்கா பழக்கிட்டு, அப்புறம் கட்டிப் போடணும். அதான் கோச் வேலை. அவருக்குக் கால் துடிச்சிருக்காதுங்கறே?"

எனக்கு டிராயரில் இருந்த கவர் ஞாபகம் வந்தது.

பிற்பாடு இந்த விஷயத்தைக் கொஞ்சம் துருவினேன். சூரர்கள் பலர் கோட்டுக்கு வெளியே வந்ததும் தடுமாறியிருக்கிறார்கள். 1998-ல் உலகக் கோப்பை வென்ற பிரான்ஸ் டீமின் தியரி ஹென்றி, தான் ஆடி வளர்ந்த மொனாக்கோவுக்கே 2018 அக்டோபரில் கோச்சாகப் போனார். மூன்று மாதம் சொச்சத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிரிக்கெட்டில்? நம் சச்சின் கேப்டனாக 25 டெஸ்ட் ஆடி ஜெயித்தது நாலுதான்! மாறாக, ஸ்பெயினின் ரவுல். ரியல் மாட்ரிட்டில் கோல் மழை பொழிந்தவர், அதே கிளப்பில் பொடியன்களுக்குச் சொல்லித் தரப் போனார். 2020-ல் இளைஞர் டீமுக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2025 வரை ரிசர்வ் டீமின் கோச்சாகவே இருந்தார். நம்மூரிலும் ராமன் விஜயன், 1997-98 தேசிய லீகில் அதிக கோல் அடித்தவர், கோச்சிங் பக்கம்தான் வந்தார்.

பாஷாவுக்கும் ஒருமுறை முதல் நாற்காலி கிடைத்தது. 2022 பிப்ரவரியில், கோவாவிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்ற பிறகு சென்னையின் கோச் பாண்டோவிச் விலக, மிச்ச மாட்சுகளுக்கு இவர் இடைக்காலக் கோச். சினிமாவாக இருந்தால் கோப்பையே வந்திருக்கும். இது நிஜம், எட்டாவது இடம்தான். பாதியில் கவிழ்ந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் விடுவதும் யாராவது செய்யவேண்டிய வேலைதானே?

சரி, என் கதைக்கு வருகிறேன். ஃபைனல் முடிந்த திங்கட்கிழமை தம்பியைக் கூப்பிட்டேன். நாளைக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள்.

"நீதான் போடறே. நான் தொட மாட்டேன்."

பின்னால் கைகட்டி நின்றேன், இந்த முறை நான்! சாயங்காலம் நாலு மணிக்கு 1,800 ரூபாய் உதைத்தது. எங்கே தப்பு என்று எனக்கு அஞ்சு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கை நமைச்சல் தாங்கவில்லை. வெளியே போய் ரெண்டு டீ குடித்தேன். ஆறு மணிக்கு மூணாவது டீ. ஏழரைக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம்: "சார், கிடைச்சிடுச்சு!"

அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது, இத்தனை நாளும் இந்தச் சந்தோஷத்தையும் சேர்த்துத்தான் நான் பிடுங்கியிருக்கிறேன்.

கவரைத் திருப்பிக் கொடுத்தேன். கிழித்துப் போட்டான். ஆனாலும் அடுத்த வருஷம் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான். என்னைவிட நாலாயிரம் அதிகச் சம்பளத்தில்! வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்சம் எரிந்தது.

இப்போது எனக்கு ஆபீஸும் இல்லை, மவுஸைப் பிடுங்க ஆளும் இல்லை. உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன மாசம் தம்பி போன் பண்ணினான்.

"சார், நான் இங்க இன்சார்ஜ் ஆயிட்டேன். ஒரு பையன் வந்திருக்கான், ரொம்ப ஸ்லோ சார். பிடுங்கி நானே போட்டுடலாமான்னு இருக்கு!"

"பக்கத்துல டீக்கடை இருக்கா?" என்று கேட்டேன்.