கோதாவரிக் கரையில் ஒரு முதல் பேனா

சென்னையிலிருந்து ஹவுரா போகும் ரயில் விஜயவாடா, ஏலூரு எல்லாம் தாண்டி கொவ்வூரைத் தொட்டதும், பெட்டியில் இருப்பவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள். எதிரே கோதாவரி! பாலத்தைக் கடந்து அக்கரை சேர்ந்தால் ராஜமுந்திரி. இன்றைய அதிகாரபூர்வப் பெயர் ராஜமகேந்திரவரம். 1900-ல் திறக்கப்பட்டு, 1997-ல் ஓய்வுபெற்ற ஹேவ்லாக் ரயில் பாலம் இன்னமும் ஆற்றுக்குள் நிற்கிறது. புஷ்கர படித்துறையில் நீராட வருபவர்களும், பாபிகொண்டலு மலைகளுக்கு நடுவே படகில் போக வருபவர்களும்தான் இங்கு அதிகம். ஆனால், ஒரு பேனா வாங்குவதற்காகவே இந்த ஊருக்கு ரயிலேறுபவர்களும் இருக்கிறார்கள்.

ஊரின் பழைய பகுதியான கோட்டகும்மத்துக்கு ‘கோட்டை வாசல்’ என்று பொருள். ‘ரத்னம் பேனா’ என்ற பெயரை இந்தியா முழுக்கக் கொண்டுபோனது இந்தப் பகுதிதான். தங்க வேலை தெரிந்த கே.வி.ரத்னம், சுதேசி இயக்கத்தின் தாக்கத்தில் 1932-ல் பேனா செய்யத் தொடங்கினார். அன்று நல்ல பேனா என்றாலே கப்பலில் வந்த பேனாதான்.

ரத்னம் செய்த பேனா, அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் ஜே.சி.குமரப்பா வழியாக காந்தியிடம் போய்ச் சேர்ந்தது. குமரப்பா தஞ்சாவூரில் பிறந்த தமிழர். 1935 ஜூலையில் காந்தி ரத்னத்துக்கு நன்றிக் கடிதம் எழுதினார். கடையில் கிடைக்கும் வெளிநாட்டுப் பேனாக்களுக்கு இது நல்ல மாற்றாகத் தெரிகிறது என்பது அதன் சாரம். சுதேசிப் பொருள் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு அவர் பாராட்டிவிடவில்லை. பயன்படுத்திப் பார்த்தேன் என்பதையும் அந்தச் சிறிய கடிதத்தில் எழுதினார். முதன்முதலாக இங்க் பேனா வாங்கப்போகும் எவருக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது. எழுதிப் பார்த்த பிறகே முடிவு!

ராஜமுந்திரியின் பாரம்பரியப் பேனாக்கள் எபனைட்டில் செய்யப்படுபவை. இயற்கை ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்து, சூடாக்கி இறுக வைத்த பொருள் அது. தடியாக வரும் எபனைட்டை லேத்தில் கடைந்து உடல், மூடி, விரல் பிடிக்கும் கழுத்து எல்லாவற்றையும் செய்கிறார்கள். பிளாஸ்டிக்கைவிடக் கைக்கு இதமாக இருக்கும்; பருமனான பேனாகூட கனக்காது. வெயிலில் கிடந்தால் மட்டும் நிறம் மங்கும்.

கண்ணைக் கவரும் பேனாதான் முதலில் கையில் ஏறும். ஆனால், பார்க்கவேண்டியது பேனாவை அல்ல, அதைப் பிடிக்கிற கையை. விரல்கள் இறுகாமல் பேனாவைப் பிடிக்க முடிகிறதா? மூடியைப் பின்னால் செருகினால் பேனா பின்பக்கம் சாய்கிறதா? பால்பாயின்ட் பேனாவுக்குப் பழகிய கை, தன்னை அறியாமல் அழுத்தும். இங்க் பேனாவுக்கு அழுத்தம் ஆகாது. தன் எடையிலேயே எழுதுவதுதான் சரியான பேனா.

அடுத்தது நிப். பளபளக்கும் 14 காரட் தங்க நிப்பைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால், பழகும் கைக்கு ஸ்டீல் நிப் போதும். முனை மெல்லியதாக, அதாவது ‘ஃபைன்’ ஆக இருப்பது நல்லது. உருண்டை உருண்டையான தெலுங்கு எழுத்தானாலும், சுழி சுழியான நம் ‘ண’, ‘ஞ’ ஆனாலும், தடித்த முனையில் உள் இடைவெளி மையால் அடைந்துவிடும்.

மூன்றாவது, மை நிரப்பும் முறை. பழைய பாணிப் பேனாவில் கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மையை நேராக உள்ளே விடவேண்டும். ஒரு முறை நிரப்பினால் நிறைய பக்கங்கள் எழுதலாம். ஆனால், மை குறையக் குறைய உள்ளே காற்று சேரும். கையின் சூட்டில் அந்தக் காற்று விரிந்து, மையை வெளியே தள்ளும். சட்டைப் பையில் நீலக் கறை படிகிற கதை இதுதான். பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை குறையும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மையை உறிஞ்சி நிரப்பும் கன்வெர்ட்டர் வகை வசதி.

எழுதிப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கடைக்காரர் நீட்டும் தாளில் இரண்டு வட்டம் போட்டால் எந்தப் பேனாவும் நன்றாகத்தான் எழுதும். தினமும் எழுதும் நோட்டையே கொண்டுபோய், பெயர், முகவரி என்று அரைப் பக்கம் எழுதவேண்டும். தாளைக் கீறுகிறதா, நடுவில் நிற்கிறதா, மை பின்பக்கம் ஊறுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

முதல் இங்க் பேனா பல வீடுகளில் மேஜை டிராயரில் காய்ந்துபோய்க் கிடக்கிறது. பெரும்பாலும் அது பேனாவின் தவறல்ல. மையை நிரப்பிவிட்டு வாரக்கணக்கில் எழுதாமல் வைத்தால், நிப்பும் அதற்கு அடியில் இருக்கும் ‘நாக்கு’ம் அடைத்துக்கொள்ளும். உடனே பிளேடால் நிப்பின் பிளவை நோண்டுவது பழைய பள்ளிக்கூட வைத்தியம். அது நிப்பையே கெடுத்துவிடும். சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, நீலம் வடியும்வரை அலசினால் போதும். படம் வரையும் ‘இந்தியன் இங்க்’கை மட்டும் தவறியும் ஊற்றக் கூடாது.

அதனால், முதல் பேனாவை விற்கிற இடத்தைவிட, பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்கிற இடத்தில் வாங்குவதே நல்லது. நிப்பையும் நாக்கையும் கழற்றி, கழுவி, திரும்பப் பொருத்திக் காட்ட ஒருவர் இருந்தால், புதிதாக வாங்குபவரின் பயம் பாதி போய்விடும். இதற்காக எல்லோரும் கோதாவரி தாண்டவேண்டும் என்பதில்லை. திருவள்ளூரில் எபனைட் பேனா கடையும் ‘ரங்கா’ இருக்கிறது. சென்னை பாரிமுனையில் தலைமுறைகளாகப் பேனா விற்கும் ‘ஜெம் அண்ட் கோ’ இருக்கிறது.

ராஜமுந்திரிக்கே போகிறவர்கள் மதியத்தைப் பேனாவுக்கு ஒதுக்கிவிட்டு, மாலையில் படித்துறைக்குப் போகலாம். அங்கே உட்கார்ந்து, புதுப் பேனாவால் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதலாம். பேனாவும் கையும் ஒன்றுக்கொன்று பழக, ஆற்றங்கரை நல்ல இடம்.