கதிரும் காவலும்

நம் உடம்புக்குள் ஒரு காவற்படை உண்டு. இரத்தத்தில் உலவும் வெள்ளணுக்களே அப்படை. புற்றுநோயோ அக்காவலருக்கு விலங்கு பூட்டித் தன்னைக் காத்துக்கொள்கிறது. அவ்விலங்கை அவிழ்க்க வழி கண்ட ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோஞ்ஜோவும் 2018ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர். அம்முறையே இம்யூனோதெரபி. கதிர்வீச்சு, கட்டியின் அணுக்களைச் சிதைத்துப் பகைவனைக் காவலருக்குக் காட்டிக்கொடுக்கவல்லது. இரண்டையும் இணைத்தால் மூளைப் புற்றையும் வெல்லலாம் என்னும் நம்பிக்கை இவ்வாறு எழுந்தது.

ஊரிலிருந்து சிகிச்சைக்காக மும்பை வருவோர்க்கு இங்குள்ள தமிழர் இல்லங்களே சத்திரம் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். நம் தங்கை கணவரும் அவ்வாறு வந்தவரே. அவருக்குத் தோன்றியது க்ளையோபிளாஸ்டோமா என்னும் மூளைக்கட்டி. அறுவை முடிந்து, கதிர்வீச்சும் டெமொசோலோமைடு மாத்திரையும் நடந்து வந்தன. "அண்ணா, அந்தப் புது ஊசியையும் சேர்த்துப் போட்டால் குணமாகுமாமே! நஞ்சையை விற்றுவிடலாமா?" என்றாள் தங்கை. நாம் டாக்டரை அணுகினோம். அவர் ஒளிக்காமல் உரைத்தார்.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் மூளைக்குப் பரவிய 94 பேருக்கு இம்யூனோதெரபி மருந்துகள் இரண்டைக் கொடுத்து ஆராய்ந்தனர். 2018இல் வெளியான அம்முடிவின்படி, 57 விழுக்காட்டினருக்கு மூளைக்கட்டி சுருங்கியது, அல்லது ஆறு மாதமேனும் வளராது நின்றது. இவ்வாறு பரவி வந்த கட்டிகளுக்குக் கதிர்வீச்சையும் இம்மருந்துகளையும் இணைப்பதுண்டு.

மூளையிலேயே பிறந்த க்ளையோபிளாஸ்டோமாவின் நிலை வேறு. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், மாத்திரை நன்கு பயன்படாத வகையினருக்குக் கதிர்வீச்சுடன் நிவோலுமாப் ஊசி கொடுத்தனர். அவர்களுள் பாதிப் பேர் வாழ்ந்த காலம் 13.4 மாதம், கதிர்வீச்சுடன் மாத்திரை உண்டோர்க்கு 14.9 மாதம். மற்ற வகையினருக்கு மூன்றையும் சேர்த்தளித்த ஆய்விலும் ஆயுள் நீளவில்லை. அக்கட்டிக்குள் காவலர் நுழைவது அரிது. வீக்கம் தணியக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு காவலரைத் தளர்த்துகிறது. கதிர்வீச்சும் வெள்ளணுக்களைக் குறைத்துவிடுகிறது.

நஞ்சை விற்கப்படவில்லை. பதினொரு மாதங்களுக்குப் பின் அவர் ஊரில், தம் மக்களிடையே கண்மூடினார். பிள்ளைகள் இருவரும் அந்நிலத்தின் வருவாயில் படிக்கின்றனர்.

ஆராய்ச்சி நிற்கவில்லை, நாளை நல்வழி பிறக்கலாம். ஆயினும் அன்பர்களே, கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் டாக்டரிடம் கேளுங்கள்: கட்டி மூளையில் பிறந்ததா, பரவி வந்ததா? இவ்வகைக்கு இம்முறை ஆயுளை நீட்டியதாக ஆய்வு உண்டா? ஸ்டீராய்டு எவ்வளவு கொடுக்கப்படுகிறது? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. நோயாளிக்கு நாம் செய்யும் தொண்டேயாகும்.