மீன் படிப்பு

"மகள் என்ன படிக்கப் போகிறாள்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சென்ற ஓராண்டாக நாங்கள் இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தோம்: "பயாலஜி சம்பந்தமா ஏதாவது." தாம்பரம் வட்டாரத்தில் இந்தப் பதிலுக்கு மருத்துவம் என்று மட்டுமே பொருள். கேட்டவர்கள் மரியாதையோடு தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நாங்கள் பொய் சொல்லவில்லைதான், உண்மையையும் சொல்லவில்லை. அவள் படிக்க விரும்புவது மீன்வள அறிவியல். பி.எஃப்.எஸ்ஸி. என்கிற நான்காண்டுப் பட்டம். அந்தச் சொல்லை ஏன் விழுங்கிக்கொண்டோம் என்பதைப் பற்றித்தான் இதை எழுதுகிறோம்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைமீறி முடிச்சூருக்குள் வந்தபோது, கட்டிலையும் பீரோவையும் விட்டுவிட்டு எதிர்வீட்டு மாடியில் அடைக்கலம் புகுந்தோம். நீர் வடிந்தபின் திரும்பி வந்து பார்த்தால், கூடத்தில் முழங்கால் சேறு. கட்டிலின் அடியில் ஒரு முழ நீளத்தில் விரால் மீன், உயிரோடு. அப்போது மகளுக்கு ஏழு வயது. சேற்றை வாரிக்கொண்டிருந்த எங்களை விடாமல் நச்சரித்து, அதை ஒரு நீல நிற ட்ரம்மில் விடச் செய்தாள். அது அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்து மூடியது. "ஏம்மா இப்படிப் பண்ணுது?" என்றாள். "பசிக்குதுபோல" என்று சொல்லி, துள்ளி வெளியே விழுந்துவிடாமலிருக்க ட்ரம்மின் மேல் ஒரு பலகையைப் போட்டோம். நான்கு நாட்கள் கழித்துப் பீர்க்கன்கரணை ஏரியில் கொண்டுபோய் விட்டோம். எங்களைப் பொறுத்தவரை மீன் கதை அத்துடன் முடிந்தது.

பதினொன்றாம் வகுப்பில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்: "அது பசியில்லப்பா. விரால் காத்தை நேரா சுவாசிக்கும். செவுள் மட்டும் அதுக்குப் போதாது. மேல வரவிடாம தடுத்தா தண்ணிக்குள்ளேயே மூச்சுமுட்டிச் செத்துடும். நல்லவேளை, அன்னைக்கு ட்ரம்ல தண்ணி விளிம்பு வரைக்கும் இல்ல." மீனும் நீரில் மூச்சடைத்துச் சாகும் என்பதை அன்றுதான் அறிந்தோம். எங்கள் பலகையை அவள் பத்தாண்டுகளாக நினைவில் வைத்திருந்ததையும் அன்றுதான் அறிந்தோம்.

அவளுடைய கேள்விகள் அதன்பின் பெருகின. "நம்ம வீடு இருக்கிற இடத்துல முன்னாடி என்ன மீன் இருந்தது?" என்று கேட்டாள். நாங்கள் மனை வாங்கியபோது கிழக்குப் பார்த்த வாசலா, பட்டா தெளிவாக இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தவர்கள்; இதை விசாரிக்கவில்லை. தெருக்கோடியில் இருக்கும் முதியவர் ஒருவர், முன்பு இங்கே நெல் பயிரிட்டவர், விரல்விட்டு எண்ணிச் சொன்னார்: கெளுத்தி, குரவை, அயிரை, உளுவை, கெண்டை, விரால். "இப்ப ஜிலேபிதான் தாயி, எங்க வலை போட்டாலும்." ஜிலேபிக் கெண்டை நம் நாட்டு மீனே அல்ல என்று அவரிடம் மகள் சொன்னாள். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது, 1952இல் உணவுத் தேவைக்காக மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டதாம். குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காக்கும். சாக்கடை கலந்த நீரிலும் பிழைக்கும். பெரியவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "நான் பொறந்தப்பவே இருந்ததுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

படிப்பைப் பற்றிய விவரங்களை எங்களைவிட அவளே ஒழுங்காகத் திரட்டிவைத்திருந்தாள். தூத்துக்குடியில் 1977இலேயே மீன்வளக் கல்லூரி தொடங்கப்பட்டிருக்கிறது. முதலில் வேளாண் பல்கலைக்கழகம், பிறகு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் என்று கைமாறி, 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே வந்தபின் அதனோடு சேர்ந்தது. பொன்னேரியிலும் தலைஞாயிற்றிலும் இதே பட்டத்துக்கான கல்லூரிகள் உண்டு. நீட் தேவையில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை. அகில இந்திய இடங்களுக்கு மட்டும் கியூட் தேர்வு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு, மீனவர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் தனியாகச் சில இடங்கள். மேற்படிப்பு வேண்டுமென்றால் பழைய மாமல்லபுரம் சாலையில், வாணியஞ்சாவடியிலேயே முதுநிலை நிறுவனம்.

"விலங்கியல் படிக்கலாமே, கிறித்தவக் கல்லூரி நடந்துபோகிற தூரம் மாதிரி" என்று ஆசைகாட்டினோம். மீனைப் பற்றி மட்டுமல்ல, அதை வளர்ப்பது, நோய் பார்ப்பது, பிடிப்பது, பதப்படுத்துவது, விற்பது எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்றாள். ஹிராலால் சௌத்ரியின் கதையைச் சொன்னாள். அதுவரை வளர்ப்புக்கான கெண்டைக் குஞ்சுகளுக்கு ஆற்றுவெள்ளத்தை நம்பியிருந்தார்கள். 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் அவர், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசிமூலம் செலுத்தி, அடைபட்ட நீரிலேயே கெண்டையை முட்டையிட வைத்தார். "நம்ம ஏரில விடற கட்லா, ரோகு குஞ்செல்லாம் அந்த ஊசிலேர்ந்து வந்ததுதான்." முட்டுக்காட்டுக்குப் படகு சவாரிக்கு அழைத்துப்போனால், கொடுவா மீனை 1997இல் இந்தியாவில் முதன்முதலாகக் குஞ்சுபொரிக்க வைத்த உவர்நீர் ஆய்வு நிலையம் இங்கேதான் இருக்கிறது என்று படகைப் பாராமல் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கும் அச்சங்கள் இருந்தன. அரசுப் பணியிடங்கள் குறைவு; அறிவிப்பு எந்த ஆண்டு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வு, ஏற்றுமதி நிறுவனங்கள், தீவன நிறுவனங்கள், இறால் பண்ணைகள் என்று அவள் அடுக்கினாள். இறால் குளத்தில் உயிர்வளி விடியலுக்குச் சற்றுமுன்தான் மிகவும் குறையும் என்று அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள். அதிகாலை மூன்று மணிக்கு ஆளில்லாத ஏதோ ஒரு குளக்கரையில் டார்ச் விளக்கோடு நிற்கும் பெண்ணாக அவளை நினைத்துப் பார்த்துத் தூக்கம் தொலைத்தோம். கேட்டபோது, "டாக்டருக்கும் நைட் டியூட்டி உண்டுதானேப்பா" என்றாள்.

ஆனால் எங்கள் வாயை அடைத்தது இந்த அச்சமன்று. வீட்டில் முதலில் விஷயம் தெரிந்தது பாட்டிக்கு. "மீன்காரி வேலைக்கா நாலு வருஷம் படிப்பு?" என்றார். பெரியப்பா சிரித்தார். நாங்கள் பாட்டியைக் கண்டித்தோம். பழைய காலத்து மனுஷி என்று மகளைச் சமாதானப்படுத்தினோம். அடுத்த வாரமே ஒரு கல்யாண மண்டபத்தில், நன்கு தெரிந்த குடும்பத்தார் கேட்டபோது, "பயாலஜி சம்பந்தமா" என்றோம். மகள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பாட்டி சத்தமாகச் சொன்னதைத்தான் நாங்கள் நாசூக்காகச் சொல்லியிருக்கிறோம் என்பது வீடு திரும்பும் வழியில் உறைத்தது. ஞாயிறுதோறும் மீன் குழம்பு வைக்கிற வீடு எங்களுடையது. மீனைச் சமைக்கலாம், தின்னலாம். அதைக் கையாள்பவர்கள் மட்டும் வேறு ஆட்கள். சாதியும் அதில் கலந்திருந்தது என்பதை இங்கே மறைப்பதற்கில்லை.

தேர்வு முடிவுகள் வந்த மே மாதம், கடலில் மீன்பிடித் தடைக்காலம். எங்கள் தெருவுக்கு வரும் ஆயா, காசிமேட்டில் விடியுமுன் ஏலம் எடுத்து, மின்ரயிலில் தாம்பரம் வந்து இறங்குபவர். அந்த நாட்களில் அவர் கூடையில் நாட்டுப்படகு மீன் கொஞ்சமும் ஏரி மீன் மிகுதியாகவும் இருந்தன. "பாப்பா இன்னா மார்க்கு? எங்க சேக்கப் போறீங்க?" என்றார். பக்கத்து வீட்டம்மாவும் கிண்ணத்தோடு நின்றிருந்தார். எங்களில் யார் முந்தினோம் என்று நினைவில்லை. "மீன்வளக் கல்லூரி ஆயா. மீனைப் பத்திப் படிக்கப் போறா" என்று சொல்லிவிட்டோம்.

பாராட்டுவார் என்று உள்ளூர எதிர்பார்த்திருக்கிறோம் போலிருக்கிறது. ஆயா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வூட்ல எவனும் இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னுதான் நான் கூடை தூக்குறேன். பேரப்பையன் பி.காமு சேரப் போறான். நீங்க இன்னாமா, பொம்பளப் புள்ளய இதுல வுடுறீங்க?" எங்களுக்குப் பதில் வரவில்லை. மகள்தான் அவர் அருகில் குந்தி உட்கார்ந்து, பேரன் என்ன பிரிவு படித்தான் என்று விசாரித்தாள். அறிவியல் பிரிவுதான்; உயிரியல் உண்டு. "ஆயா, உங்க வீட்டுப் புள்ளைங்களுக்குன்னு அங்க தனியா சீட்டு இருக்கு. கூடை தூக்கற படிப்பில்ல ஆயா இது." ஆயா நம்பவில்லை. "இத்தினி வருசமா எவனும் சொல்லலியே" என்றார். பிறகு ஒரு மீனின் செவுளை விரித்து அவளிடம் நீட்டினார். "சரி, இது இன்னிக்கிப் புடிச்சதா, நேத்து ஐஸ்ல வச்சதா, சொல்லு பாக்கலாம்." மகள் தவறாகச் சொன்னாள். ஆயாவுக்கு அன்று முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

விண்ணப்பத்தில் கல்லூரிகளை விருப்ப வரிசையில் குறிப்பிட வேண்டியிருந்தது. நாங்கள் பொன்னேரியை முதலில் போடச் சொன்னோம். இரண்டு மின்ரயில் மாறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மன்னார் வளைகுடா இருக்கிற ஊர் என்று அவள் தூத்துக்குடியைப் போட்டாள். முத்துநகர் விரைவுவண்டி தாம்பரத்தில் நிற்கும் என்பதை மட்டும் நாங்கள் பார்த்து வைத்துக்கொண்டோம்.

ஆயாவின் பேரனுக்காக அவள் ஒரு தாளில் விவரங்களையும் கடைசித் தேதியையும் எழுதிக் கொடுத்தாள். ஆயா அதை நான்காக மடித்து இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். அவன் விண்ணப்பித்தானா என்று இன்னும் கேட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவார், கேட்க வேண்டும்.