வார்த்தையா, வாக்கா?

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "போயிட்டு வர்றேன்னு சொல்லுடா" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வரும். விளக்கை 'அணை' என்று சொல்லக்கூடாது, 'குளிர வை' என்றுதான் சொல்ல வேண்டும். சாமி கும்பிடுகிற வீடு, ஜெபம் பண்ணுகிற வீடு என்ற வித்தியாசமே இதில் கிடையாது. வாயில் வந்தது பலித்துவிடும் என்ற பயம் நமக்குப் பரம்பரைச் சொத்து.

அதனால்தானோ என்னவோ, "வியாதி என்று வாயால் சொல்லாதே, சுகமானேன் என்று அறிக்கையிடு" என்ற உபதேசம் நம் ஊர்க் கூட்டங்களில் சுலபமாக ஒட்டிக்கொண்டது. இது வேதத்திலிருந்து அப்படியே வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அமெரிக்காவில் கென்யன் (1867-1948) என்பவர் எழுதியதை, கென்னத் ஹேகின் (1917-2003) எடுத்துப் பரப்பிய போதனை இது. வயது நூறுக்குக் கொஞ்சம் முன்பின்தான்.

என் பெரியம்மாவுக்கு சர்க்கரை. இரண்டு வருடம் முன்னால் ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டால் வியாதியை ஒத்துக்கொண்ட மாதிரியாம். காலில் புண் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். நர்ஸ், "சுகர் இருக்காம்மா?" என்று கேட்டதற்கு, "இல்ல, சுகமாயிட்டேன்" என்றார். ரத்தத்தில் 380 இருந்தது. விரல் தப்பியது டாக்டரின் புண்ணியம். கர்த்தரின் கிருபை என்பார் பெரியம்மா. எனக்கு இரண்டும் சம்மதமே.

அந்த ஊழியர் ஆதாரமாகக் காட்டியது நீதிமொழிகள் 18ஆம் அதிகாரம். சாவும் வாழ்வும் நாக்கின் கையில் இருப்பதாக அங்கே ஒரு வசனம் உண்டு. வீட்டுக்கு வந்து அதிகாரம் முழுவதையும் படித்தேன். வியாதியை வாயால் விரட்டுவது பற்றி ஒன்றுமே இல்லை. கோள் சொல்வது, கேட்கும் முன் பதில் சொல்வது, மூடன் வாயால் சண்டை வாங்குவது, வழக்கில் முதலில் பேசுகிறவன் பேச்சு நியாயமாகத் தெரிவது... எல்லாம் மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவில் நடக்கிற பேச்சு. பொய்ச்சாட்சி ஒருவனைக் கொல்லும், அதுதான் நாக்கின் கையில் இருக்கிற சாவு.

யாக்கோபு நாக்கைக் கப்பலின் சுக்கானுக்கு ஒப்பிடுகிறார். தேவனாம்பட்டினத்துக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுக்கான் படகைத் திருப்பும், கடலைத் திருப்பாது.

கடல் என்றதும் 2004 டிசம்பர் 26 ஞாபகம் வருகிறது. கடலூர் மாவட்டத்தில் அன்று அதிகம் அடிபட்ட இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று. வடக்கே புதுச்சேரிக் கடற்கரையில் நல்லவாடு என்று ஒரு மீனவர் கிராமம். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு தகவல் மையம் வைத்திருந்தது. ஊர்க்காரர்கள் அதன் ஒலிபெருக்கியில் "ஓடுங்கள்" என்று அறிவித்தார்கள். சுமார் 3600 பேர் உள்ள ஊர் தப்பியது. பேசிய வார்த்தைக்கு வல்லமை உண்டா என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அந்த வார்த்தை அலையிடம் போகவில்லை, காதுள்ளவர்களிடம் போனது.

யோவான் சுவிசேஷத்தின் தொடக்கத்தில் பழைய மொழிபெயர்ப்பு 'வார்த்தை' என்கிறது. 1995இல் வந்த திருவிவிலியம் 'வாக்கு' என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். வாக்கு என்றால் கொடுத்த சொல்லும் ஆயிற்றே. 'உண்டாகட்டும்' என்று சொல்லி ஒன்றை உண்டாக்குவது கடவுளுக்கு உரியது. மனிதனுக்கு மிஞ்சுவது வாக்குக் கொடுப்பதும் அதைக் காப்பதும். (இதுவே நமக்குச் சரியாக வருவதில்லை!)

பி.காம் புத்தி விடாது, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் வாய்ப்பேச்சில் செய்த ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் பாருங்கள். விலை கேட்பதும் முடிவதும் வாயாலேயே. கேட்டவன் அப்புறம் பின்வாங்கினால் மறுநாள் அவன் குரலுக்கு மதிப்பில்லை. சொன்னவனைச் சொல் கட்டுகிறது. மேடையில் "சுகமானாய்" என்று சொன்ன ஊழியரை எது கட்டியது? பெரியம்மாவின் காலைப் பார்க்க அவர் ஒருநாளும் வரவில்லை.

பெரியம்மா இப்போது மாத்திரை போடுகிறார். ஜெபத்தையும் விடவில்லை. 'சுகமானேன்' போய் 'சுகம் தாரும்' வந்திருக்கிறது. நர்ஸ் கேட்டால் "சுகர் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மெதுவாக ஒரு "ஸ்தோத்திரம்" சேர்த்துக்கொள்கிறார்.