மூக்கில் தெளிக்கும் மருந்து

தும்மினவரை ‘நூறு’ என்று வாழ்த்துவது நம் நாட்டு வழக்கம். விடியற்காலையில் எழுந்ததும் தொடர்ச்சியாக 20 முறை தும்முகிறவருக்கு இக்கணக்கின்படி 2,000 ஆண்டு ஆயுள் கிடைத்துவிடும். ஆனால் அன்றைய ஒரு பொழுதைக் கழிப்பதே அவருக்குப் பெரும்பாடு. மூக்கு நீராய் ஒழுகும். கண் சிவந்து அரிக்கும். இரவில் மூக்கடைத்து, வாயால் மூச்சுவிட்டு, தொண்டை வறண்டு விழிப்பு வரும். இது சளியன்று, காய்ச்சலுமன்று. மருத்துவர்கள் இதனை ஒவ்வாமை என்பர். நானும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். பெருவிழாக்களில் தூபக்கிண்ணம் அருகில் வந்தாலே கைக்குட்டையைத் தேடுகிறவன்.

பாஞ்சாலங்குறிச்சி என்றால் 1974-இல் எழுப்பப்பட்ட கட்டபொம்மன் நினைவுக் கோட்டையைக் காணவே வெளியூரார் வருகின்றனர். அக்கோட்டைக்கு வரும் வழியெல்லாம் இருமருங்கும் நிற்கும் சீமைக்கருவேலத்தை யாரும் பார்ப்பதில்லை. விறகுக்கும் வேலிக்கும் உதவும் இம்மரத்தின் பூந்தாது, ஒவ்வாமை தூண்டுவனவற்றுள் ஒன்றென மருத்துவ உலகம் அறிந்தது. அத்துடன் மேல்காற்றுக் காலத்தில் கரிசல் புழுதி மூக்கை உறுத்தும். கடற்கரையின் ஈரக்காற்றிலோ, தலையணையிலும் மெத்தையிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிச் சிற்றுண்ணிகள் செழித்து வளரும். உடலுக்குக் கேடு செய்யாத இப்பொருள்களைப் பகைவரெனக் கருதி மூக்கின் உட்சவ்வு போர் தொடுக்கிறது, வீங்குகிறது, நீரைக் கொட்டுகிறது. ‘அலர்ஜி’ என்னும் பெயரை 1906-ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் பிர்க்கே இட்டார்.

இந்நோய்க்கு மூக்கில் இடும் மருந்துகள் இரு வகை என்பதைப் பலர் அறியார். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் போன்ற சொட்டு மருந்துகள் ஒரு வகை. இவை சவ்வின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் அடைப்பைத் திறந்துவிடும். அந்த விரைவே ஆபத்தாகிறது. நாலைந்து நாளுக்கு மேல் தொடர்ந்து இட்டால், மருந்தின் வலு குறைந்ததும் மூக்கு முன்னிலும் அதிகமாக அடைத்துக்கொள்ளும். மீண்டும் சொட்டு, மீண்டும் அடைப்பு.

முன்னர் நான் பணியாற்றிய கடற்கரைப் பங்கு ஒன்றில் இதனைக் கண்கூடாகக் கண்டேன். நம் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சங்கு குளிப்போர் இன்றும் உள்ளனர். கடலில் 10 மீட்டர் ஆழம் சென்றாலே நீர்மட்டத்தில் இருப்பதைப்போல் இருமடங்கு அழுத்தம் உடலைத் தாக்கும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதடைப்பை விடுவித்துக்கொண்டே அவர்கள் இறங்குவர். மூக்கே அடைத்திருந்தால் அது இயலாது. செவிப்பறை கிழியவும் கூடும். அதற்கு அஞ்சிய ஓர் இளைஞர் நாள்தோறும் சொட்டு மருந்திட்டுக்கொண்டு கடலில் இறங்கினார். மருந்தின் வலு நீருக்கடியிலேயே தீர்ந்துபோக, மேலே ஏறும்போது காதுக்குள் சிக்கிய காற்று வெளியேற வழியின்றி வேதனையில் துடித்தார். மூக்கடைத்த நாளில் கடலில் இறங்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லி, சொட்டு மருந்தை நிறுத்தி, இரண்டாம் வகை மருந்தைக் கொடுத்தார்.

அந்த இரண்டாம் வகையே மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்து. புளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசோனைடு என்னும் பெயர்களில் வருவது. இது அடைப்பை உடனே திறவாது. சவ்வின் அழற்சியையே தணிப்பது. ஆகையால் பலன் தெரியச் சில நாள்கள் ஆகும்; முழுப்பலனுக்கு இரண்டு வாரங்கள்கூடச் செல்லும். முதல்நாள் அடித்துவிட்டு, ‘ஒன்றுமே கேட்கவில்லை’ என்று மூலையில் போடுகிறவர்களே அதிகம்.

‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டு அஞ்சுகிறவர்களும் உண்டு. ஒரு தாய், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தம் மகனை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “சாமி, டாக்டர் எழுதிக் கொடுத்த மூக்கு மருந்தில் ஸ்டீராய்டு இருக்குதாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தூக்கி எறிந்துவிட்டேன்” என்றார். “அப்படியானால் தும்மலுக்கு என்னம்மா கொடுக்கிறாய்?” என்று கேட்டேன். “கடையில் சின்ன வெள்ளை மாத்திரை தந்தார்கள், சாமி. இரண்டு மாதமாகக் கொடுக்கிறேன். தும்மலும் நின்றது, பிள்ளையும் பூசினாற்போல் இருக்கிறான்” என்று மகிழ்ச்சியோடு சொன்னார். பையனின் முகம் உருண்டு உப்பியிருந்தது. மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். பிரெட்னிசொலோன், 5 மில்லிகிராம். தாம் அஞ்சி எறிந்த ஸ்டீராய்டையே அத்தாய் மகனுக்கு வாய்வழி ஊட்டிக்கொண்டிருந்தார்!

அளவைக் கவனியுங்கள். 5 மில்லிகிராம் என்பது 5,000 மைக்ரோகிராம். பெரியவர்கள் மூக்கில் தெளிக்கும் புளூட்டிகசோனின் ஒரு நாள் அளவோ, பொதுவாக 200 மைக்ரோகிராம். அதிலும் 100-க்கு 2 பங்குக்கும் குறைவாகவே இரத்தத்தில் கலக்கிறது. மருந்துக்கு மருந்து வீரியம் வேறாதலால் இவ்வெண்களை ஒரே தராசில் நிறுத்திவிட இயலாது. எனினும் வேற்றுமை எத்தகையதென்பது விளங்கும். நெடுநாள் மாத்திரையால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், முகம் உப்பும். ‘ஒரே ஊசியில் அலர்ஜி போய்விடும்’ என்று போடப்படும் ஊசிகளிலும் பெரும்பாலும் இருப்பது இதுவே. இவற்றைச் சீட்டின்றிக் கொடுப்பதும் வாங்குவதும் எனக்குப் பொறுக்க முடியாத செயல்கள். அந்த மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து; ஆதலால் உடனே அவர்களை மருத்துவரிடம் அனுப்பினேன். அவர் சில வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தி, பையனை மீண்டும் மூக்கு மருந்துக்கே கொண்டுவந்தார்.

அதனைத் தெளிக்கும் முறையை எனக்குத் தூத்துக்குடியில் ஒரு மருத்துவர் தம் முன்னாலேயே செய்யச் சொல்லிக் கற்பித்தார். மூக்கை மெல்லச் சிந்திக்கொள்ள வேண்டும். குப்பியை நன்கு குலுக்க வேண்டும். புதிய குப்பியானால் மென்புகை போலத் தூறல் வரும்வரை காற்றில் சிலமுறை அடித்துவிட வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்காமல் சற்றே முன்னால் குனிய வேண்டும். வலக்கையால் இடப்பக்க மூக்கிலும், இடக்கையால் வலப்பக்க மூக்கிலும் தெளிக்க வேண்டும். அப்போது குழாய்முனை நடுத்தண்டைக் குத்தாமல், அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் தானாகவே திரும்பும். இதுவே முக்கியம். நடுத்தண்டில் நாள்தோறும் மருந்து பாய்ந்தால் புண்ணாகி இரத்தம் கசியும். அழுத்தும்போது மெல்ல மூச்சிழுத்தால் போதும். மூக்குப்பொடி போடுகிறவரைப்போல் உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குள் இறங்கி வீணாகும். பிறகு முனையைத் துடைத்து மூடிவிட வேண்டும். வீட்டில் நால்வருக்கு ஒரே குப்பி என்பது ஆகாது.

மூக்கில் அறுவையோ அடியோ பட்டிருந்தால், அது ஆறும்வரை இம்மருந்து கூடாது. கண் அழுத்தம், கண்புரை உள்ளவர்களும், எச்.ஐ.வி. நோய்க்கு மருந்துண்போரும், கருவுற்ற தாய்மாரும் மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். சிறுவர்களுக்கு அளவு குறைவு. நெடுநாள் தெளித்தால் அவர்களின் உயரத்தை மருத்துவர் அவ்வப்போது அளந்து பார்ப்பார். இரத்தம் அடிக்கடி கசிந்தாலும், ஒரு பக்கம் மட்டுமே ஓயாது அடைத்தாலும், முகவலியோடு காய்ச்சல் வந்தாலும் காத்திராமல் காட்ட வேண்டும்.

மருந்துக்கு முன் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லதே. ஆனால் குழாய்நீரும் கிணற்றுநீரும் வேண்டா, கொதிக்கவைத்து ஆறிய நீரே வேண்டும். 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் மூக்கின் வழியே மூளைக்கேறிய அமீபா உயிர்களைக் குடித்த செய்தியை நாமெல்லாரும் படித்தோமல்லவா? தலையணை உறைகளை வாரமொருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள்.

குப்பியின்மேல் 120 முறை என்று அச்சிட்டிருந்தால், நாளொன்றுக்கு 4 தெளிப்பு என்ற கணக்கில் 30 நாளைக்கு வரும். அதன்பின் குலுக்கினால் உள்ளே மருந்து சலசலக்கும். எனினும் ஒவ்வொரு தெளிப்பிலும் சரியான அளவு வருமென்பதற்கு உறுதியில்லை. ஆகவே திறந்த தேதியைக் குப்பியின்மேல் எழுதி ஒட்டி வைக்கிறேன்.