சமையலறையில் தொடங்கும் சர்ச்

ஞாயிற்றுக்கிழமையன்று மிசோரம் தலைநகர் ஐசாலில் இறங்குகிறவருக்கு ஒரு டீ கிடைப்பதே கஷ்டம். கடைத்தெரு முழுக்க ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கும். மலைச்சரிவில் அடுக்கடுக்காக நிற்கும் வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஜனங்கள் சர்ச்சுக்குப் படியேறிக்கொண்டிருப்பார்கள். வெளியூர்க்காரர் உடனே இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார். ஒன்று, இது வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன மதம். அவர்கள் பணத்தில்தான் ஓடுகிறது. இரண்டு, வாரத்தில் ஒருநாள் பக்தி, மற்ற ஆறு நாள் வேறு வாழ்க்கை.

இரண்டும் தப்பு என்று தெரிந்துகொள்ள சர்ச்சுக்குள் போகக்கூட வேண்டாம். ஏதாவது ஒரு வீட்டுச் சமையலறையை எட்டிப்பார்த்தால் போதும். உலையில் போடுமுன் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார். 'புஃபாய் தாம்' என்று இதற்குப் பெயர். ஒவ்வொரு வேளைச் சமையலிலும் இது உண்டு. சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடுவீடாக வாங்கி விற்கிறார்கள். பணம் சபைக்குப் போகிறது. கையில் காசில்லாத வீடும் கொடுக்கக்கூடிய காணிக்கை இது. நூறாண்டுக்கு மேலாக இந்த வழக்கம் நடக்கிறது.

வெள்ளைக்காரர்கள் வந்தது உண்மைதான். 1894இல் லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரு மிஷனரிகள் வந்து மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தைப் பொருத்தினார்கள். 1897இல் வேல்ஸ் நாட்டிலிருந்து டி.இ. ஜோன்ஸ் வந்தார். இன்றோ மிசோ சபைகள் தங்கள் சொந்தப் பணத்தில் இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கு ஊழியர்களை அனுப்புகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். எழுத்தறிவு 91 சதவீதத்துக்கும் மேல்.

பழையதெல்லாம் அழிந்துவிட்டது என்பது இன்னொரு ஊகம். ஆரம்பத்தில் சர்ச்சுக்கு வெளியே நிறுத்தப்பட்ட 'குவாங்' என்ற முரசு, இன்று பாட்டுக்கு நடுவே ஒலிக்கிறது. தன்னலம் பாராமல் அடுத்தவருக்கு உதவும் 'த்லாம்ஙைனா' என்ற பழைய மிசோ தர்மமும் உயிரோடு இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், 1935இல் தொடங்கிய இளைஞர் சங்கத்தின் ஆட்கள் குழி வெட்டவும் இரவில் துணையிருக்கவும் வந்துவிடுகிறார்கள். இச்சங்கம் சர்ச்சின் கிளை அல்ல. ஆனால் இரண்டிலும் இருப்பது பெரும்பாலும் அதே முகங்கள்.

இப்படி வீட்டுக்குள் வேர்விட்ட ஒரு சபையின் பேச்சு சட்டசபையிலும் எடுபடாமல் போகுமா? சபைகளின் வற்புறுத்தலில் 1995இல் பூரண மதுவிலக்குச் சட்டம் வந்தது. 2014இல் புதிய சட்டம் கொண்டுவந்து மதுக்கடைகளைத் திறக்க அனுமதித்தார்கள். 2019இல் மறுபடி மூடினார்கள். உள்ளூர்ப் பழங்களிலும் அரிசியிலும் செய்யும் மதுவுக்கு மட்டும் வழிவிடும் திருத்தத்தை 2025 மார்ச்சில் சட்டசபை நிறைவேற்றியது.

வெளியிலிருந்து திணிக்கப்பட்ட கட்டுப்பாடு என்றால் எதிர்ப்பது சுலபம். இங்கே கட்டுப்பாடு சொல்வது பக்கத்து வீட்டுக்காரர், அத்தை, சபை மூப்பர். கஷ்டம் வந்தால் ஓடிவருகிறவர்களும் அவர்கள்தான். ஆகவே மாற்றுக் கருத்துள்ளவரும் குரலைத் தாழ்த்தியே பேச வேண்டியிருக்கிறது.

2025 செப்டம்பரில் ஐசாலுக்கு அருகிலுள்ள சாய்ரங் வரை ரயில் வந்துவிட்டது. இனி ஊகங்களோடு வந்திறங்குகிறவர்களும் அதிகமாவார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கடவுளுக்கென்று எடுத்து வைப்பது அரிசி. முன்னோர்கள் 'ஜு' என்ற மதுவை ஊறவைத்ததும் அதே அரிசியில்தான். எந்தப் பானைக்கு எவ்வளவு என்ற வழக்கை மிசோக்கள் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.